எச்.ஐ.வி. டெஸ்ட்: எப்ப எடுக்கணும், எங்க போகணும், ரிசல்ட் வந்தா என்ன பண்ணணும் (கம்பம், போடி, குமுளி பக்கத்து ஆளுங்களுக்கு முழு வழிகாட்டி)

எச்.ஐ.வி. டெஸ்டுக்கு ஏன் போகலனு கேட்டா நம்ம பக்கம் யாரும் ஊசிக்கு பயம்னு சொல்றதில்ல. "யாராச்சும் பாத்துட்டா?" இதுதான் பதில். அதுவும் சும்மா பயம் கிடையாதுங்க, கம்பம் மெட்டு வழியாவும் போடி மெட்டு வழியாவும் குமுளி வழியாவும் விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்கு ஏறுற ஜீப்புல உக்காந்திருக்கிறவங்க பாதிப் பேரு ஒரே தெரு, இல்ல ஒரே சொந்தம், ஒருத்தர் வேலைக்கு வராம ஆஸ்பத்திரிக்கு போனா ஏன் என்னனு பொழுது சாயறதுக்குள்ள தெரிஞ்சிடும். அதனால "எல்லாரும் டெஸ்ட் எடுங்க"னு சுவத்துல எழுதுற மாதிரி எழுதாம, எந்த நாள் எடுத்தா ரிசல்ட்ட நம்பலாம், எங்க போனா தெரிஞ்ச முகம் எதிர்ல வராது, உள்ள என்ன நடக்கும், அப்புறம் என்ன பண்ணணும்னு வரிசையா சொல்றேன். தமிழ்நாடு-கேரளா எல்லையில குடியிருக்கிறதுல நமக்கு நூறு தொல்லை இருக்கு, ஆனா இந்த ஒரு விஷயத்துல அது லாபம்.

முதல்ல: நமக்கு இது தேவையா?

உடலுறவுல இருக்கிற யாரா இருந்தாலும் ஒரு தடவையாவது எடுத்துப் பாத்துடுறது நல்லது, இது என் அபிப்ராயம் மட்டும் இல்ல, டாக்டர்களும் இததான் சொல்றாங்க. கட்டாயமா எடுக்க வேண்டியவங்கனு பாத்தா, காண்டம் இல்லாம புதுசா ஒருத்தரோட இருந்தவங்க, ஒண்ணுக்கு மேல பார்ட்னர் இருக்கிறவங்க, பார்ட்னருக்கு வெளிய வேற தொடர்பு இருக்குமோனு சந்தேகம் உள்ளவங்க, போதை ஊசிய பங்கு போட்டுக்கிட்டவங்க, பிறப்புறுப்புல புண்ணு இல்ல வெட்டை மாதிரி பால்வினை நோய் வந்தவங்க, டிபி இருக்குனு சொல்லப்பட்டவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க. திருவிழாவுல ஒரே ஊசிய வச்சு பத்து பேருக்கு பச்சை குத்துறாங்களே, அங்க குத்திக்கிட்டவங்களையும் சேத்துக்கோங்க. ஒரே ஊசிய மாத்தாம ஆளுக்கு ஆள் போடுற டாக்டர்கிட்ட போனவங்களும்தான்.

கல்யாணம் ஆகி புருஷன தவிர யாரையும் தெரியாத பொம்பளைங்களுக்கு எதுக்கு இதெல்லாம்னு கேட்பாங்க. இந்த நாட்டுல எத்தனையோ பொம்பளைங்களுக்கு இது வந்தது சொந்த வீட்டுக்காரர்கிட்ட இருந்துதான், அவருக்கே தனக்கு இருக்கிறது தெரியாது. இதுல யாரு யோக்கியம் யாரு அயோக்கியம்னு பட்டிமன்றம் வச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

"நான் நல்லாத்தானே இருக்கேன்"ங்கிறது அடுத்த சாக்கு. கிருமி உள்ள வந்து ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரத்துக்குள்ள சில பேருக்கு காய்ச்சல், தொண்டை வலி, உடம்புல தடிப்பு, கழுத்துல நெறி கட்டுறது வரும், சில பேருக்கு ஒண்ணுமே வராது. மேல தோட்டத்துல சாரல் மழையில நனைஞ்சு வேலை பாக்குறவங்களுக்கு மாசம் ஒரு காய்ச்சல் வரத்தான் செய்யுது, அதுல எது இதுனு யாரு கண்டா? அந்த காய்ச்சல் போன பிறகு எட்டு பத்து வருஷம்கூட வெளிய ஒரு அறிகுறியும் இல்லாம ஓடும். அந்த காலம் முழுக்க உள்ள எதிர்ப்பு சக்தி குறைஞ்சுகிட்டே வரும், கூட இருக்கிறவங்களுக்கும் பரவும். ஆளு மெலிஞ்சு போன பிறகு டெஸ்ட் எடுக்கிறது ரொம்ப லேட்டு, அப்பவும் மருந்து இருக்கு, ஆனா உடம்பு மீண்டு வர பாடு படணும்.

இன்னொண்ணு, இத வடக்க இருந்து வந்த நோய், லாரிக்காரங்க நோய்னு தள்ளி வைக்கிற பழக்கம் இங்க இருக்கு. இந்தியாவுல முதன்முதலா இத கண்டுபிடிச்சதே 1986ல நம்ம மெட்ராஸ்லதான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சுகிட்டிருந்த டாக்டர் நிர்மலாவும் அவங்க பேராசிரியர் சுனிதி சாலமனும் பாலியல் தொழில் செஞ்ச பெண்கள்கிட்ட ரத்தம் எடுத்து, சென்னையில டெஸ்ட் பண்ற வசதி இல்லாததால வேலூர் சி.எம்.சி.க்கு கொண்டு போய் பாத்தாங்க, சிலது பாசிட்டிவ்னு வந்துச்சு. அதுவரைக்கும் இங்கெல்லாம் இந்த நோய் வரவே வராதுனுதான் பேச்சு. தேடிப் பாத்ததாலதான் தெரிஞ்சுது.

நாள் கணக்கு (தப்பு நடக்கிறது இங்கதான், பொறுமையா படிங்க)

போன வாரம் ஒரு சம்பவம், இந்த வாரம் டெஸ்ட், நெகட்டிவ், நிம்மதி. இந்த நிம்மதிக்கு அர்த்தமே இல்ல. அரசாங்க மையத்துல போடுற ரேபிட் கிட் கிருமிய நேரா பாக்குறதில்ல, கிருமிக்கு எதிரா நம்ம உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியதான் தேடுது, அது உண்டாக நாளாகும். நெல்லு விதைச்ச மறுநாளே வயல்ல இறங்கி கதிரத் தேடினா கிடைக்குமா? அந்த இடைவெளிக்கு பேரு விண்டோ பீரியட். கிருமி உள்ள இருக்கும், அடுத்தவங்களுக்கு பரவவும் செய்யும், அதுவும் இந்த ஆரம்ப நாள்ல கிருமி அளவு ரொம்ப அதிகம், ஆனா ரிசல்ட்டு நெகட்டிவ்னு வரும்.

ஆன்டிபாடி கிட்டுக்கு 23 நாள்ல இருந்து 90 நாள் வரைக்கும் ஆகலாம். பெரிய லேப்ல கை நரம்புல ரத்தம் எடுத்து பண்ற நாலாம் தலைமுறை டெஸ்டு, அதாவது கிருமியோட ஒரு புரதத்தையும் ஆன்டிபாடியையும் சேத்துப் பாக்குறது, 18 நாள்ல இருந்து 45 நாளுக்குள்ள கண்டுபிடிச்சிடும். கிருமியோட மரபணுவையே தேடுற என்.ஏ.டி. டெஸ்ட் 10 நாள்ல இருந்து 33 நாளுக்குள்ள காட்டும், ஆனா செலவு ஜாஸ்தி, எல்லா லேப்லயும் கிடையாது, சாதாரண ஆளுக்கு அது தேவையும் படாது.

அப்ப என்ன செய்யணும்? சம்பவம் மார்ச் 1ஆம் தேதினு வச்சுக்கோங்க. உடனே ஒரு டெஸ்ட் எடுத்தா அது பழைய கணக்க சொல்லும், அதாவது அதுக்கு முன்னாடியே இருந்துச்சா இல்லையானு. ஏப்ரல் நடுவுல, ஆறு வாரம் தாண்டி, இன்னொண்ணு எடுத்தா பெரும்பாலும் விடை தெரிஞ்சிடும். மே 30க்கு அப்புறம் எடுத்த ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ்னா அந்த சம்பவத்த பத்தி இனிமே யோசிக்க வேண்டாம். நடுவுல இன்னொரு சம்பவம் நடந்தா கணக்கு மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். அந்த மூணு மாசமும் காண்டம் இல்லாம யார்கிட்டயும் போகக் கூடாது, கட்டின பொண்டாட்டியா இருந்தாலும்.

டெஸ்டுக்கு வெக்கப்பட்டுகிட்டு ரத்த தானம் பண்ணி தெரிஞ்சுக்கலாம்னு ஒரு யோசனை பசங்ககிட்ட ஓடுது. தயவுசெஞ்சு வேண்டாம். தானம் குடுக்குற ரத்தத்த எச்.ஐ.வி. டெஸ்ட் பண்ணணும்ங்கிறது 1989ல இருந்தே கட்டாயம்தான், ஆனா நீங்க விண்டோ பீரியட்ல இருந்தா அந்த டெஸ்டையும் தாண்டி உங்க ரத்தம் ஏதோ ஒரு பிரசவக்காரிக்கோ ஆக்சிடென்ட் ஆன பையனுக்கோ ஏறிடும்.

72 மணி நேரத்துக்குள்ள இருக்கீங்களா? அப்ப டெஸ்டுக்கு முன்னாடி வேற ஒரு வேலை இருக்கு

நேத்தோ முந்தாநாளோ நடந்தது, காண்டம் கிழிஞ்சது, யாரோ பலவந்தப்படுத்தினது, ஆஸ்பத்திரில வேலை பாக்கும்போது ஊசி குத்தினது, இப்படினா நாளக் கடத்தாம பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு போங்க, தேனிக்காரங்கன்னா க.விலக்கு மெடிக்கல் காலேஜ். பெப்னு சொல்ற தடுப்பு மருந்து இருக்கு, 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், 28 நாள் விடாம சாப்பிடணும். 72 மணி நேரம் இருக்கேனு மூணாவது நாள் வரை உக்காந்திருக்க வேண்டாம், முதல் சில மணி நேரத்துலயே ஆரம்பிக்கிறதுதான் நல்லது. மருந்து யாருக்கு தேவைனு டாக்டர்தான் விசாரிச்சு முடிவு பண்ணுவாரு, அதனால நடந்தத மறைக்காம சொல்லுங்க. மருந்து முடிஞ்ச பிறகும் டெஸ்ட் உண்டு, எப்ப எப்பனு அங்கயே சொல்லுவாங்க.

இந்த மருந்த பத்தி நம்ம பக்கம் தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி.

எங்க போறது

தமிழ்நாட்டுல இந்த டெஸ்ட் எடுக்கிற இடத்துக்கு நம்பிக்கை மையம்னு பேரு, ஆபீஸ் பாஷையில ஐ.சி.டி.சி. கேரளாவுல அதே மையத்துக்கு ஜோதிஸ்னு பேரு. தாலுகா ஆஸ்பத்திரி அளவுக்கு இருந்தா ரெண்டு பக்கமும் பெரும்பாலும் இருக்கும், மெடிக்கல் காலேஜ்ல உண்டு. சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்துல விரல்ல குத்தி ஒரே ஒரு கிட் போட்டுப் பாப்பாங்க, அதுல ஏதாவது தெரிஞ்சா பெரிய மையத்துக்கு அனுப்புவாங்க. தோட்டத்துல நடக்குற மருத்துவ முகாமும் இதே கணக்குதான். எது பக்கத்துல, எந்த நேரம்னு தெரியலனா 1097க்கு போன் பண்ணுங்க, காசு பிடிக்காது, பேரு சொல்லணும்னு அவசியமில்ல.

இப்ப எல்லை விஷயம். இது நாடு முழுக்க ஒரே திட்டம், ரெண்டு மாநிலத்துலயும் டெஸ்ட் இலவசம், இந்த ஊர்க்காரன்தான் இங்க எடுக்கணும்னு சட்டம் இல்ல. கம்பம், கூடலூர் ஆளுங்க உள்ளூர் ஆஸ்பத்திரில தெரிஞ்ச நர்ஸ் அக்கா இருக்காங்கனு தயங்கினா மலையேறி கட்டப்பனையோ நெடுங்கண்டமோ போயிட்டு வரலாம். வண்டன்மேடு, பூப்பாறை பக்கம் லயத்துல இருக்கிறவங்க எஸ்டேட் ஆளுங்க கண்ணுல படக்கூடாதுனா தேனிக்கு பஸ் ஏறலாம், தேனிக்கு போக ஆயிரம் காரணம் சொல்லலாமே, யாரும் கேக்கப் போறதில்ல. மலையாளம் வராதேனு யோசிக்காதீங்க, இடுக்கி பக்கம் ஆஸ்பத்திரில தமிழ் பேசுற ஜனம் தினமும் வந்து போகுது. 

ஞாயித்துக்கிழமை போய் ஏமாறாதீங்க. வேலை நாள்ல காலையிலயே போயிடணும், அப்பதான் அன்னைக்கே ரிசல்ட் வாங்கிட்டு திரும்ப முடியும். ஒரு நாள் சம்பளம் போகும், உண்மைதான். காய் எடுப்பு முடிஞ்சு தோட்டத்துல வேலை கம்மியா இருக்கிற கோடை மாசத்துல வச்சுக்கிட்டா கங்காணிகிட்ட காரணம் சொல்ல வேண்டிய தொல்லையும் இல்ல. ஆனா நாள் கணக்கு உங்களுக்கு இப்பவே வந்துடுச்சுனா சீசன் முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க.

உள்ள போனா என்ன நடக்கும்

டாக்டர் சீட்டு வேணும்னு இல்ல, நீங்களா போய் எடுக்கணும்னு சொன்னா போதும். வெறும் வயித்துல போக வேண்டாம், சாப்பிட்டே போங்க. முதல்ல கவுன்சிலர் தனி ரூம்ல கூப்பிட்டு பேசுவாங்க. பேரு, வயசு, ஊரு எழுதிட்டு சில கேள்வி கேப்பாங்க, எத்தனை பேரோட தொடர்பு, கடைசியா எப்ப, காண்டம் போட்டீங்களா, ஆம்பளையோடயா பொம்பளையோடயா. கூச்சமா இருக்கும். அவங்க இந்த மாதிரி கதை தினமும் கேக்குறவங்க, உங்க கதையில அவங்களுக்கு அதிர்ச்சி ஒண்ணும் இல்ல, தேதிய மட்டும் சரியா சொல்லுங்க ஏன்னா அடுத்த டெஸ்ட் எப்பனு அத வச்சுதான் சொல்லுவாங்க. அப்புறம் உங்க சம்மதத்த கேப்பாங்க, சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாது. 18 வயசுக்கு கீழ இருந்தா பெத்தவங்களோ பொறுப்பாளரோ சம்மதிக்கணும்.

ரத்த டியூப் மேல உங்க பேருக்கு பதிலா ஒரு நம்பர்தான் ஏறும். ரிசல்ட்ட உங்ககிட்டதான் சொல்லணும், கூட வந்த மச்சான்கிட்டயோ போன்ல கேக்குற மாமியார்கிட்டயோ சொல்லக் கூடாது. இதுக்கு சட்டமே இருக்கு, 2017ல போட்டு 2018 செப்டம்பர் 10ல இருந்து அமல்ல இருக்கிற எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு சட்டம். வேலைக்கு சேக்க, பள்ளிக்கூடத்துல சேக்க இந்த டெஸ்ட்ட கட்டாயப்படுத்தக் கூடாது, பாசிட்டிவ்ங்கிற காரணத்துக்காக மட்டும் வேலைய விட்டு தூக்கக் கூடாது, வைத்தியம் பாக்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. சட்டம் இருக்குனா எல்லா இடத்துலயும் ஒழுங்கா நடக்குதுனு நான் சொல்ல வரல, ஆனா யாராவது வாய திறந்தா திருப்பிக் கேக்க நமக்கு ஒரு பிடி இருக்கு.

மூணு கிட் கதை

முதல் கிட்டுல ஒண்ணும் இல்லனா நெகட்டிவ்னு சொல்லிடுவாங்க. முதல் கிட்டு ரியாக்டிவ்னு, அதாவது ஏதோ இருக்கிற மாதிரி, காட்டினா உடனே பாசிட்டிவ்னு முடிவு கட்ட மாட்டாங்க, வேற வேற விதமா வேலை செய்ற இன்னும் ரெண்டு கிட்டுலயும் போட்டு பாப்பாங்க, மூணுலயும் வந்தாதான் பாசிட்டிவ். ஒண்ணுல ஆமா ஒண்ணுல இல்லனு குழப்பமா வந்தா ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரத்துக்குள்ள திரும்ப கூப்பிடுவாங்க.

இத ஏன் இவ்வளவு விளக்குறேன்னா, ஆபரேஷனுக்கு முன்னாடி பிரைவேட் லேப்ல எடுத்த ஒரே ஒரு டெஸ்ட்ல ரியாக்டிவ்னு ஒரு பேப்பர கையில குடுத்து அனுப்பிடுறாங்க, கவுன்சிலிங்கும் கிடையாது ஒண்ணும் கிடையாது, அந்த பேப்பர பாத்துட்டு கிணத்தடிக்கு போனவங்க கதையெல்லாம் நம்ம பக்கம் இருக்கு. ஒத்த டெஸ்ட் தப்பாவும் காட்டும். அந்த மாதிரி பேப்பர் வந்தா அன்னைக்கோ மறுநாளோ நம்பிக்கை மையத்துக்கு போய் மூணு கிட்டும் போட்டு உறுதி பண்ணுங்க, அதுக்கு முன்னாடி யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம், எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

நெகட்டிவ் வந்தா

விண்டோ பீரியட் தாண்டியாச்சான்னு பாருங்க, தாண்டலனா மறு தேதிய போன்ல குறிச்சுக்கோங்க. உங்க நெகட்டிவ் உங்களுக்கு மட்டும்தான், உங்க பார்ட்னருக்கு அது செல்லாது, அவரும் தனியா எடுக்கணும். அடிக்கடி ரிஸ்க் உள்ள ஆளுனா மூணு மாசமோ ஆறு மாசமோ ஒரு தடவை எடுங்க, காண்டம் மையத்துலயே இலவசமா கிடைக்கும். ரிஸ்க் தொடர்ந்து இருக்கிறவங்க முன்கூட்டியே சாப்பிடுற பிரெப் மாத்திரைனு ஒண்ணு இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டுதான் ஆரம்பிக்கணும்.

பாசிட்டிவ் வந்தா

அன்னைக்கு கவுன்சிலர் சொல்றதுல பாதி காதுல ஏறாது, அது எல்லாருக்கும் அப்படித்தான். அவங்க எழுதிக் குடுக்குற சீட்ட மட்டும் பத்திரமா வைங்க. அடுத்து போக வேண்டியது ஏ.ஆர்.டி. மையம், அதாவது எச்.ஐ.வி.ய அடக்கி வைக்கிற மருந்து குடுக்குற இடம், தமிழ்நாட்டுல கூட்டு மருந்து சிகிச்சை மையம்னு போர்டு இருக்கும், கேரளாவுல உஷஸ்னு பேரு. இந்தியாவுல இலவச ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரல்ல ஆரம்பிச்சப்ப தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதல் இடங்கள்ல ஒண்ணு. அப்பல்லாம் எதிர்ப்பு சக்தி நல்லா குறைஞ்சாதான் மருந்து குடுப்பாங்க, 2017ல இருந்து அந்த கணக்கு எல்லாம் கிடையாது, பாசிட்டிவ்னு உறுதியானா சீக்கிரமே மருந்து. அதுக்கு முன்னாடி சி.டி.4 (எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருக்குனு சொல்ற கணக்கு), கிட்னி, லிவர், டிபி எல்லாம் பாப்பாங்க.

பெரும்பாலான பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, மூணு மருந்து அதுக்குள்ளயே இருக்கும், டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். தினமும் ஒரே நேரத்துல சாப்பிடணும். நம்ம ஆளுங்க நெஞ்செரிச்சல்னா உடனே ஜெலுசில் குடிக்கிற பழக்கம் இருக்கே, அது இந்த மாத்திரையோட சேந்தா மருந்து உடம்புல சரியா ஏறாது, மாத்திரை சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு குடிங்க, முன்னாடியே குடிச்சிட்டா ஆறு மணி நேரம் விட்டு மாத்திரை போடுங்க. சத்து மாத்திரை, கால்சியம், டிபி மருந்து எது சாப்பிட்டாலும் ஏ.ஆர்.டி. டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும். எச்.ஐ.வி.ய அடியோட குணமாக்குறேன்னு விளம்பரம் பண்ற சூரணம், லேகியத்துக்கு காசக் கொட்டிட்டு மாத்திரைய நிறுத்தினவங்க நிலைமைய பாத்தவங்க இந்த ஊர்லயே இருக்காங்க, விசாரிச்சுப் பாருங்க.

ஆறு மாசத்துல வைரல் லோடு டெஸ்ட், அதாவது ரத்தத்துல கிருமி எவ்வளவு இருக்குனு பாக்குற டெஸ்ட், எடுப்பாங்க. ஒழுங்கா சாப்பிட்டா டெஸ்ட்ல கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு கிருமி குறைஞ்சிடும், அந்த நிலை நீடிக்கிற வரைக்கும் உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்கு பரவாது, இது பெரிய ஆராய்ச்சிகள்ல நிரூபிச்ச விஷயம். ஒரே டம்ளர், ஒரே தட்டு, ஒரே கக்கூஸ், கொசுக்கடி இதுலல்லாம் என்னைக்குமே பரவினதில்ல.

வீட்ல சொல்றது எப்படி? புருஷன் பொண்டாட்டிகிட்ட சொல்லித்தான் ஆகணும், ஏன்னா அவங்களும் டெஸ்ட் எடுக்கணும், பிள்ளைங்களுக்கும் தேவைனா எடுக்கணும். தனியா சொல்ல தைரியம் இல்லனா அவங்கள மையத்துக்கு கூட்டிட்டு போங்க, கவுன்சிலர் முன்னாடி பேசலாம். சொல்லவே மாட்டேன்னு பிடிவாதமா இருந்து பார்ட்னருக்கு ஆபத்துனு தெரிஞ்சா டாக்டரோ கவுன்சிலரோ உங்கள எச்சரிச்சுட்டு அவங்களுக்கு சொல்ல சட்டத்துல இடம் இருக்கு. ஆனா சொன்னா அடி விழும், வீட்ட விட்டு துரத்துவாங்கனு பயப்படுற பொம்பளைங்களுக்கு அந்த சட்டமே விலக்கு குடுத்திருக்கு, அத கவுன்சிலர்கிட்ட வெளிப்படையா சொல்லுங்க. பெரியப்பா, சித்தப்பா, பக்கத்து வீடு, ஜீப் டிரைவர் இவங்களுக்கெல்லாம் சொல்லணும்னு ஒரு கட்டாயமும் இல்ல.

வயித்துல பிள்ளை இருந்தா

கர்ப்பம் பதிவு பண்ற முதல் தடவையே இந்த டெஸ்ட்டும் சிபிலிஸ் டெஸ்ட்டும் எடுத்துடுவாங்க, மறுக்காதீங்க. ஒண்ணுமே செய்யாம விட்டா தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு போற வாய்ப்பு 15ல இருந்து 45 சதவீதம் வரை, அம்மா மருந்து சாப்பிட்டு பிள்ளைக்கும் பொறந்த உடனே மருந்து குடுத்தா 5 சதவீதத்துக்கு கீழ வந்துடும். ஆறாவது வாரத்துல குழந்தை குதிங்கால்ல சில சொட்டு ரத்தம் எடுத்து தனி டெஸ்ட் பண்ணுவாங்க, ஏன்னா அம்மாவோட ஆன்டிபாடி 18 மாசம் வரைக்கும் பிள்ளை ரத்தத்துல இருக்கலாம், சாதாரண கிட்டு பிள்ளைக்கு இல்லாதப்பவும் இருக்குனு காட்டும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு கீழ இறங்குற பொண்ணுங்க, மலை மேல இருந்தப்ப எடுத்த டெஸ்ட் சீட்டையும் மருந்து புக்கையும் பையில முதல்ல வைங்க.

கடைசியா மாத்திரைய பத்தி ஒண்ணு. வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போறவங்க மருந்து முடியப் போற வாரத்துல போய் நிக்காம, கிளம்பறதுக்கு முன்னாடியே ஏ.ஆர்.டி. மையத்துல சொன்னா போற ஊருக்கு டிரான்ஸ்பர் எழுதிக் குடுப்பாங்க, இல்ல கொஞ்ச நாளைக்குதான் போறீங்கன்னா கூடுதல் மாசத்துக்கு மாத்திரை குடுக்க முடியுமானு கேக்கலாம். டப்பா பாத்து யாரும் கேள்வி கேப்பாங்கனு பயந்தா வேற சாதாரண டப்பாவுல மாத்தி வைங்க, அதுக்குள்ள இருக்கிற ஈரம் உறிஞ்சுற சின்ன பொட்டலத்தையும் சேத்தே மாத்துங்க, மேல லயத்துல மழைக்காலத்துல எல்லாம் நமத்துப் போயிடும்.